உலைக்குக் கீழே எரிந்த வானம்

அஸ்ஸலாமு அலைக்கும் மகன்,

குரல் பதிந்து அனுப்பலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். மூன்று முறை பதிந்து பார்த்தேன். மூன்று முறையும் இருமல் வந்துவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி அழித்துவிட்டேன். இருமலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் குரலை நானே கேட்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் உன் உம்மாவின் கிளினிக் கொப்பியில் நடுத்தாள்களைக் கழற்றி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கொம்யூனிகேஷன் கடையில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்கள். வாசித்து முடியும்வரை எழும்பிப் போகாதே. நடுவில் எனக்கு அழைக்காதே. அழைத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

வருகிற வியாழக்கிழமை நானும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறோம் என்று உனக்குத் தெரியும். போவதற்கு முன் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டேன். "அறிஞ்சும் அறியாமலும் ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புத் தாங்க" என்று வாசலில் நின்று சொன்னால், உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, "அல்லாஹ் பொருந்திக்குவான், எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வலை இழுத்த தகராறில் நான் ஒருமுறை கன்னத்தில் அறைந்த மனிதர்கூட என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். நெஞ்சு லேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நேற்று அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்தால், உம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லா ஊட்டயும் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம், முடிஞ்சி."

"புள்ளைட்டக் கேட்டீங்களா?"

"கேட்டன்தானே. போன வெள்ளிக்கிழமை போன்ல."

"என்னண்டு கேட்டீங்க?"

"எல்லாருக்கிட்டயும் கேட்ட மாதிரித்தான். அறிஞ்சும் அறியாமலும் எண்டு."

அவள் கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "அறிஞ்சி செஞ்சத அறியாமச் செஞ்ச மாதிரிக் கேட்டிரிக்கீங்க. ஒங்களுக்கு வெக்கமா இல்லயா? அது அமானிதம். புள்ள ஒங்களை நம்பித் தந்தது. அத வாயால சொல்லாம நீங்க எங்க போய் என்ன கேட்டாலும் அது ஒங்கட கழுத்திலதான் கெடக்கும். சொல்லாட்டி நான் வரல்ல. நீங்க தனியப் போங்க." சொல்லிவிட்டு, அடுக்கிய உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தாள். உன் உம்மா கத்தினால் எனக்குப் பயமில்லை. இத்தனை வருடம் கேட்ட கத்தல்தான். அவள் அமைதியாக உடுப்பு மடித்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

அவள் சொல்லியிருக்காவிட்டாலும் இனி மறைக்க முடியாது. நீ ஆக்கிய கதை விளையாட்டின் புத்தகத்தை அனுப்பி, அச்சுக்குப் போகுமுன் வாசித்துப் பாருங்கள் வாப்பா என்றாய். அடுத்த மாதம் கட்டாரிலிருந்து லீவில் வரும்போது கச்சேரி, பெரிய கந்தோர் என்று அரசாங்க அலுவலகங்களுக்கெல்லாம் போய், வீட்டைச் சோதனை போட்ட நாளில் அவர்கள் எடுத்துக்கொண்டு போன உன் கொப்பிகளைத் திருப்பித் தரச்சொல்லி மனுக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். மகன், மனுக் கொடுக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் நீ எனக்கு அந்த வானத்தைக் காட்டிய நாளை ஞாபகப்படுத்துகிறேன். ஜும்ஆ முடிந்து வருகிறேன். முன் விறாந்தையில் நீயும், காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் சுதனும், இன்னும் இரண்டு பொடியன்களும் வட்டமாகக் குந்தியிருக்கிறீர்கள். நடுவில் தாயக்கட்டை உருளுகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று உனக்குத் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தொழுதிட்டு வந்து வாசல்லயே சூதாடுறீங்களாடா, ஹராங்குட்டிகளா!" என்று பாய்ந்தேன். சுதன் பாவம், எழும்பிச் சைக்கிளைத் தேடினான். நீதான் கட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். ஆறு முகம் இல்லை, இருபது முகம். "காசு வெச்சி வெளையாடல்ல வாப்பா. நாங்க ஒரு கதை கட்டுறம். கதையில ஆள் பாயிறான், பிடிக்கிறானா விழுறானா எண்டு இது சொல்லும்" என்றாய். "விழுந்தா எங்க போய் விழுவான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டதால் பகல் சோறு ஆறிப் போகும்வரை அங்கேயே குந்திவிட்டேன்.

உன் உலகத்தில் தரை இல்லை, கடலும் இல்லை. தீவுகள் ஆகாயத்தில் தொங்குகின்றன. ஒரு தீவில் ஆள் கூடினால் தீவு ஒரு முழம் தாழும், ஆகவே கலியாணத்துக்கு ஆள் அழைப்பதென்றால் பக்கத்துத் தீவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நீ சொன்னபோது, அடுப்படியிலிருந்து உம்மா, "அப்ப நம்மட ஊர்க் கலியாணத்துக்கு ஊரே போய் உழுந்திடும்" என்று சிரித்தாள். எனக்கு உன் கப்பல்கள்தான் பிடிக்கவில்லை. எந்தக் காற்றுக்கும் நேராக ஓடின. "நீ கடலுக்குப் போனவண்ட மகனாடா? காத்து எண்டா என்னண்டு நெனச்சாய்?" என்று பென்சிலைப் பறித்து, நான் கீறினேன். வாடை எந்த மாதம் எழும்பும், கொண்டல் எப்படி ஈரத்தைக் கொண்டுவரும், சோழகத்தில் எங்கே ஒதுங்க வேண்டும், கச்சான் தரைப்பக்கமிருந்து சுட்டுக்கொண்டு வந்தால் படகை எப்படி வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்று. நீ அவற்றை அப்படியே வானத்துக்கு ஏற்றினாய். காற்றுகளே உன் தெருக்கள். கச்சான் அடிக்கும் காலத்தில் எந்தத் தீவிலிருந்தும் புறப்படலாம், திரும்பி வர ஏலாது என்று விதி எழுதினாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை உன்னிடம் நான் காட்டவில்லை. படகு என்ஜின் திருத்தும் வாடிக் கொட்டிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. தீவுகளுக்குக் கீழே என்ன? நீ அதை என்னிடம் கேட்டாய். "எழுதாம வெறுமனே விடு. தெரியாது எண்டாத்தான் ஆளுக்குப் பயம் வரும்" என்றேன். வரைபடத்தின் அடியில் ஒரு சாண் வெள்ளைத்தாள் விட்டாய்.

பிறகு, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து, நம் சனம் எல்லார் மேலும் சந்தேகம் விழுந்த அந்தக் கெட்ட நாட்கள் வந்தன. ஊரடங்கு போட்டு, இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். நீ மருதமுனையில் மாமா வீட்டில் மாட்டிக்கொண்டாய். நானும் உம்மாவும் சாய்ந்தமருதில். தேங்காய் உடைக்கும் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று சனம் தடுமாறியது. அரபு எழுத்துள்ள தாள் ஒன்று கிடந்தால் அது துஆவா வேறெதுவுமா என்று யாருக்கு விளக்குவது? காலை பத்து மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மூணாம் ஒழுங்கைக்கு வந்திட்டாங்க. தாள், புத்தகம், எல்லாம் பாக்காங்களாம்" என்றார். நான் உன் அறைக்குள் போனேன். உன் ஏழு கொப்பிகளையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன்.

மகன், அதுவரை அவற்றை உன் வாப்பாவின் கண்ணால்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு வேறொருவனின் கண்ணால் பார்த்தேன். "மூன்றாம் காவல் கோபுரம், பகலில் எட்டுப் பேர், விடியலில் இரண்டு பேர்." "எரிகுண்டு: பதினெட்டுக்கு மேல் விழுந்தால் கோபுரம் சரியும்." எல்லாம் உன் அழகான கையெழுத்தில். பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி. இதெல்லாம் போதாதென்று நீயே ஆக்கிய அந்த எழுத்து, வலமிருந்து இடமாகப் போவது, உன்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் வாசிக்கத் தெரியாதது. அந்த நேரம் பார்த்து நீ அழைத்தாய். "வாப்பா, என்ட கொப்பியெல்லாம் எடுத்துப் பத்திரமா வைங்க. ஆருக்கும் குடுத்திடாதீங்க. அது ஒங்களிட்ட அமானிதம்." நான் "ஓம் மகன், பத்திரமா இரிக்கி" என்றேன். சொல்லும்போதே என் கை முதல் கொப்பியின் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

உம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன செய்றீங்க? புள்ளட சீவன் அதிலதான் இரிக்கி. மண்ணுக்குள்ள பொதைங்க!" புதிதாகக் கிண்டிய மண்ணைத்தான் முதலில் தோண்டுவார்கள் என்றேன். கிணற்றில் போடச் சொன்னாள்; தாள் மிதக்கும் என்றேன். எரித்தால் ஊரடங்கு நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் புகை போகும், அதுவும் ஆபத்து. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "ஒலை வை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "சோத்துக்கு ஒலை வை எண்டா வை! சோறாக்கிற புகையெண்டா ஆரும் கேக்க மாட்டாங்க." அவள் அழுதுகொண்டே பின்னடுப்பில் பானையை ஏற்றினாள். நான் குந்திக்கொண்டு ஒவ்வொரு தாளாக உள்ளே தள்ளினேன். மொத்தமாகப் போட்டால் கறுத்த புகை எழும்பும், ஆகவே ஒவ்வொன்றாக. வாடை போனது, கொண்டல் போனது, கலியாண விதி போனது. ஒழுங்கையில் நாய்கள் குரைக்கத் தொடங்கின. உம்மா அரிசியைப் போட்டாள். ஏழாவது கொப்பி முடிந்தபோது சோறும் வெந்திருந்தது. சாம்பலை மரக்கட்டையால் கிளறி, மேலே தேங்காய் மட்டையை வைத்தேன்.

கேற்றில் தட்டினார்கள். சீருடையில் ஒரு பெரியவர், கூட மூன்று பேர். அலுமாரி, பெட்டி, மெத்தை எல்லாம் பார்த்தார்கள், எதையும் உடைக்கவில்லை. உன் அறைக்கு ஓர் இளம் பொடியன் வந்தான், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அறைக் கதவைச் சாத்திப் பின்புறம் பார்த்தான். அங்கே, நான் அடியோடு மறந்துபோன உன் பெரிய வரைபடம். நான்கு தாள் ஒட்டி, கதவு முழுக்க. தீவுகள், அம்புகள், கோபுரங்கள், உன் எழுத்து. "மே மொகக்த?" என்றான். இது என்ன என்கிறான். சந்தையில் பழகிய என் சிங்களத்தைக் கூட்டிப் பிடித்து, "லமயாகே செல்லம்" என்றேன். பிள்ளையின் விளையாட்டு. அவர்களுக்குச் செல்லம் என்றால் விளையாட்டு. எனக்கு அந்தச் சொல் வாயில் வந்தபோது நீதான் வந்தாய்.

அவன் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த உன் இருபது முகக் கட்டையை எடுத்தான். எடுத்து, மெத்தையில் ஒருமுறை உருட்டினான். என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது, சிரித்தான். தீவுகளின் அடியில் நீ விட்டிருந்த வெள்ளையில் விரலை வைத்து, உடைந்த தமிழில், "கீழ என்ன?" என்று கேட்டான். "தெரியாது மாத்தயா" என்றேன். தலையை ஆட்டினான். கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் மகன். ஒரு தாளைக்கூட எடுக்கவில்லை.

உனக்கு நான் சொன்ன கதை வேறு. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவன் சிரித்துச் சிரித்து எடுத்துக்கொண்டு போனான் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு மட்டும் உண்மை. பொய்க்கு உப்பாக அதைத் தூவினேன்.

இன்னும் இருக்கிறது. இதைத்தான் உம்மாவும் மன்னிக்கவில்லை. அவர்கள் போன பிறகு உன் வரைபடம் கதவில் அப்படியே இருந்தது. பார்த்தவன் பார்த்துவிட்டு, விட்டுவிட்டுப் போன வரைபடம். அதை இனி யாருக்கும் பயந்து எரிக்கத் தேவையில்லை. ஆனால் மறுநாள் ஊரடங்கு தளர்ந்து நீ வரப்போகிறாய். நான் எரித்தேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்கள் எடுத்தார்கள் என்று சொல்வதென்றால், கொப்பியை எடுத்தவர்கள் கதவில் இருந்ததை ஏன் விட்டார்கள் என்று நீ கேட்பாய். நீ கெட்டிக்காரன், கட்டாயம் கேட்பாய். ஆகவே நானே நான்கு மூலையிலும் ஆணியைக் கழற்றி, மடித்து, அதே அடுப்பில் வைத்தேன். கொப்பிகளை எரித்தது பயம். வரைபடத்தை எரித்தபோது என் கை நடுங்கவே இல்லை. உம்மா அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வந்தாய். பசியோடு வந்தாய். உம்மா முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்; அதைப் பிழிந்து, மீன் ஆணத்தோடு தந்தாள். உன் வானத்தை எரித்து ஆக்கிய சோறு அது. நீ இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுத்தான் கொப்பியைப் பற்றிக் கேட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததற்கும் நான்தான் காரணம். ஜீப் சத்தம் கேட்டால் நீ அறைக்குள் போவாய். "என்ட பேர் அவங்கட ஃபைல்ல இரிக்கி வாப்பா. அந்த எழுத்தை வாசிச்சிட்டு ஒரு நாளைக்கு வருவாங்க" என்று நீ சொன்னபோது, உன் கை என் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் உன் பயம் அன்றோடு தீர்ந்திருக்கும். நான் உன் முதுகைத் தடவி, "அல்லாஹ் இரிக்கான்" என்றேன். அல்லாஹ் இருக்கிறான் என்று எனக்கே தெரிந்திருந்தால் அந்தப் பொய்யை அப்படியே வைத்திருப்பேனா? பரீட்சையைப் பாதியில் விட்டுக் கட்டாருக்குப் போனாய். சம்பாதிக்கப் போனாய் என்று ஊர் சொல்கிறது. நீ ஓடிப்போனாய் என்று எனக்குத் தெரியும். எதற்குப் பயந்து ஓடினாயோ அது என் வாய்க்குள் இருந்தது.

இப்போது உன் புத்தகத்தை வாசித்துவிட்டேன். தாளில் அடித்து வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாள் வாசித்தேன். வெள்ளையாக விட்ட இடத்தை நிரப்பியிருக்கிறாய். தீவுகளுக்குக் கீழே மூடுபனி, மூடுபனிக்குள் ஒரு பெரிய களஞ்சியம், பறித்துக்கொண்டு போன வரைபடங்கள் எல்லாம் அங்கே ஒரு மூலை கசங்காமல் அடுக்கியிருக்கின்றன. விளையாடுகிறவர்கள் கயிறு கட்டி இறங்கி, சிரிக்கும் காவலனைத் தாண்டி, தங்கள் வரைபடத்தை மீட்க வேண்டும். அந்தக் காவலனை எவ்வளவு பயங்கரமாக எழுதியிருக்கிறாய்! அவன் சிரிப்பு கேட்டாலே தீவுகளில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு மெத்தையில் கட்டை உருட்டிய அந்தப் பொடியன்தான் கண்ணில் நின்றான். அவன் இப்போது எங்கே என்று தெரியாது. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். அவனிடமும் நான் மாப்புக் கேட்க வேண்டும், வாசல் தெரியாது.

உன் உலகத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. முன்பு பென்சிலைப் பறித்தவன்தான், இப்போது கேட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே கீழே களஞ்சியம் இல்லை மகன். கீழே ஓர் அடுப்பு, அடுப்பில் ஒரு பானை, அதற்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் ஒரு வாப்பா. அவன் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் தொடங்கினான், தன்னைக் காப்பாற்றி முடித்தான். கயிறு கட்டி இறங்குகிறவர்கள் கடைசியில் அவனைத்தான் பார்க்க வேண்டும். அவனைக் கொல்வதா, சாப்பிட உட்காருவதா என்று கட்டையை உருட்டட்டும். அந்தக் காவலனை மட்டும் விட்டுவிடு. அவன் எதையும் எடுக்கவில்லை.

உன் பெயர் எந்தக் கந்தோரிலும் இல்லை. எந்த ஃபைலிலும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இந்த வரியை மூன்று தரம் வாசி. எந்த விமான நிலையத்திலும் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கு, எந்த ஜீப்புக்கும் வழிவிட்டு நின்று பார். கச்சான் காலத்தில் புறப்பட்டவன் திரும்பி வர ஏலாது என்று நீ எழுதிய விதி உனக்கு இல்லை.

இதைக் கூடத்தில் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வரைபடம் எரித்த இடம் வந்ததும், "ஆணி கழட்டினதையும் எழுதினீங்களா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். உடுப்பெடுத்துப் பெட்டி அடுக்க அவள் இன்னும் அலுமாரியைத் திறக்கவில்லை. உன் பதில் வந்த பிறகு பார்ப்போம் என்கிறாள். அவள் வந்தாலும் வராவிட்டாலும் அது அவள் முடிவு.

ஊரில் எல்லாரும் நான் கேட்டு முடிக்குமுன் மாப்புத் தந்துவிட்டார்கள். என்ன பிழை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சின்ன வயதிலிருந்தே "பரவால்ல வாப்பா" என்று சொல்லிப் பழகிவிட்டாய். அவசரப்பட்டு அதைச் சொல்லிவிடாதே, மகன். முதலில் என்னை ஏசு. இத்தனை வருடமும் அந்தப் பொடியனுக்குப் போட்ட ஏச்சு முழுவதையும் எனக்குப் போடு. எல்லாம் ஏசி முடித்த பிறகும் உனக்குள் மாப்பு ஏதாவது மிஞ்சியிருந்தால், அதை வியாழக்கிழமைக்கு முன் தா.

உன் கொப்பிகளை எரித்த
வாப்பா